உப்புப் புட்டி

அந்த மூன்று நாளும் என் வாய் வாடகைக்குப் போயிருந்தது.
நைரோபியிலிருந்து வந்த ந்ஜாம்பிக்கு
எங்கள் பேச்சு தெரியாது.
அவர் ஆங்கிலத்தில் சொல்வார், நான் மடைமாற்றுவேன்.
கூலி போக மதியம் ந்சிமா களியும் அவரையும்.

மாமரத்தடியில் அறுபத்து மூன்று பேர்.
குழந்தையை முதுகில் கட்டியவர்கள்
பின்னால் உட்காரட்டும் என்று சொல்லச் சொன்னார்கள்.
சொன்னேன்.
அவர்கள் முன்னால்தான் உட்கார்ந்தார்கள்.

முதல் நாளே ஒரு சொல் என்னைக் கவிழ்த்தது.
"நீங்கள் உதவி பெறுகிறவர்கள் அல்ல,
நாம் பார்ட்னர்கள்" என்றார் ந்ஜாம்பி.
பங்காளிகள் என்றேன்.
மரத்தடி குலுங்கிச் சிரித்தது.
லிங்கலிரேனி எழுந்தாள்:
"பங்காளி என்றால், ராத்திரியில் வந்து
வரப்புக் கல்லை நகர்த்தி வைப்பவனா?
எனக்கு ஏற்கெனவே ஒருத்தன் இருக்கிறான்."
மூன்று வரிசை தள்ளி யோஹானே
தன் தொப்பிக்குள் எதையோ தேடினான்.
என்ன சொல்கிறாள் என்று கேட்டார் ந்ஜாம்பி.
மகிழ்ச்சி என்கிறாள் என்றேன்.

இரண்டாம் நாள், ஈரம் பற்றி.
ஈர மக்காச்சோளம் மூட்டைக்குள் பூசணம் பிடிக்கும்,
பூசணம் ஈரலுக்குப் போகும்.
படம் வரைந்த தாள்களைக் காற்று புரட்டிப் புரட்டி
யாரும் கேட்காத பாடத்தை முதலில் நடத்தியது.
ஈரம் அளக்கும் மீட்டர் ஒன்று வந்திருந்தது,
மாவட்டத்துக்கே ஒன்று.
கையிலெடுத்ததும் அதன் பேட்டரி
உயிரை விட்டது.

ந்ஜாம்பி கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்.
பிறகு சமையல்காரியிடம் உப்பு கேட்டார்,
வெயிலில் காய்ந்த உப்பு.
காலி சோடாப் புட்டியில் ஒரு பிடி சோளம்,
ஒரு கரண்டி உப்பு.
குலுக்கினார்.
உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம்.
ஒட்டாமல் விழுந்தால் மூட்டை கட்டலாம்.
இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.
என் கூலியில் அந்தக் கால்மணி நேரத்தை
யாரும் கழிக்கவுமில்லை.

ஜூனில் கலிஸ்டோவின் லாரி வந்தது.
அவனுடைய மீட்டர் அவன் கடைவாய்ப் பல்.
மணியைக் கடிப்பான், துப்புவான்,
"ஈரம். கிலோவுக்கு நூறு குவாச்சா குறைவு."
வருடா வருடம் அந்தப் பல்லுக்குத்தான்
நாங்கள் தீனி போட்டோம்.

லிங்கலிரேனி புட்டியை நீட்டினாள்.
"நீயே குலுக்கு."
குலுக்கினான். உப்பு சலசலத்து அடியில் சேர்ந்தது,
கண்ணாடி துடைத்த மாதிரி.
"இப்போது உன் லாரியில் இருப்பதை."
பக்கத்து ஊரில் வாங்கிய மூட்டையிலிருந்து ஒரு பிடி.
உப்பு அப்பிக்கொண்டது,
பனி மூடிய ஜன்னல் போல.
யாரோ சிரித்தார்கள். சிரித்திருக்கக் கூடாது.
லாரி வெறுமனே திரும்பிப் போனது.

அன்றிரவு யாருக்கும் சோறு இறங்கவில்லை.
பள்ளிக் கட்டணத்துக்கு இன்னும் பதினோரு நாள்.
ஆளுக்கொரு மூலையில் இருந்தால்
ஒவ்வொருவராக ஒடிப்பான் என்று
நாற்பத்தொரு மூட்டையையும்
தேவாலயக் கொட்டகையில் அடுக்கினோம்.
சாவி இரண்டு.
ஒன்று லிங்கலிரேனியிடம்.
மற்றது அவளோடு சண்டை போடுகிறவனிடம் இருக்கட்டும்,
அப்போதுதான் இருவரும் தூங்க மாட்டார்கள் என்றார்கள்.
யோஹானே வாங்கிக்கொண்டான்.

பத்தாம் நாள் கலிஸ்டோ வந்தான்.
குறைத்தது நூறு அல்ல, முப்பது.
எதற்கு முப்பது என்று கேட்டோம்.
"டீசலுக்கு" என்றான்.
கொடுத்தோம்.

ந்ஜாம்பிக்கு அனுப்பும் படிவம் என்னிடம் இருக்கிறது.
பயிற்சியைப் பின்பற்றியவர் எத்தனை பேர்?
வருமானம் எத்தனை விழுக்காடு கூடியது?
அந்த ஒன்பது இரவுகளை எழுதக் கட்டமில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
அன்று உங்கள் சொல்லைத் தவறாக மாற்றவில்லை,
பங்காளிகள்தான்.
இரண்டு சாவிகளும் ஒரே ஆணியில் தொங்குகின்றன.
வரப்புக் கல்
நகர்த்திய இடத்திலேயே இருக்கிறது.